வெறுங்காலுக்குப் பிறந்த கால்

இதுவரை கண்டெடுக்கப்பட்ட செயற்கை உறுப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, ஒரு பெண்ணின் கால் விரல். எகிப்தில் லக்சருக்கு அருகே உள்ள கல்லறைப் பகுதியில் கிடைத்தது. பூசாரி ஒருவரின் மகளான அவளுடைய வலது பாதத்தில், பெருவிரல் இருந்த இடத்தில், மரத்தாலும் தோலாலும் செய்த விரல் ஒன்று கட்டப்பட்டிருந்தது. வயது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள். சவத்தை அலங்கரிக்கச் செய்த பொருளாக அது இல்லை. தேய்ந்திருந்தது, அவள் காலுக்குப் பொருந்தும்படி பலமுறை திருத்தப்பட்டும் இருந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் நுழைகிற செருப்பை அணிந்த ஊர் அது. பெருவிரல் இல்லாவிட்டால் செருப்பு நிற்காது. அவள் தன் ஊரில், தன் ஊர்க்காரர்களைப் போலவே நடக்க விரும்பியிருக்கிறாள்.

நம் பக்கத்துப் பழங்கதையிலும் முதலில் வருவது ஒரு பெண்தான். போரில் காலிழந்த விஷ்பலைக்கு அசுவினி தேவர்கள் இரும்புக் கால் பொருத்தினார்கள் என்கிறது ரிக் வேதம். விஷ்பலை பெண்ணா, பந்தயக் குதிரையா என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு. மரபு அவளைப் போர்க்களம் கண்ட பெண்ணாகவே நினைவில் வைத்திருக்கிறது. தமிழில் நமக்குத் தெரிந்த கதை பொற்கைப் பாண்டியனுடையது. தன் தவறுக்குத் தானே கையை வெட்டிக்கொண்ட மன்னனுக்குப் பொன்னால் கை வந்தது. அந்தக் கையே அவனுக்குப் பட்டமும் ஆனது. அரசன் உறுப்பை இழந்தால் புகழ் சேர்கிறது. சாதாரண வீட்டுப் பெண் காலை இழந்தால் சொந்தப் பெயரே போய்விடுகிறது. நொண்டி என்பதே ஊர் அவளுக்கு வைக்கும் பெயர். உடல் குறைந்தது இருவருக்கும்தான். அதற்கு ஊர் கொடுத்த பொருள் வேறு வேறு.

அந்தப் பொருளோடு மோதிப் பார்த்த ஒரு பொருளின் வரலாறு இது. ராஜஸ்தானில் பிறந்து, யாழ்ப்பாணத்துச் செம்மண் வரை நடந்து வந்த ஜெய்ப்பூர் காலின் வரலாறு.

டயர் கடையில் ஒரு பிறப்பு

1960-களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றியவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி. வாரணாசியில் பிறந்து எடின்பரோவில் மேற்படிப்பு முடித்தவர். காலிழந்தவர்களுக்கு அப்போது கிடைத்த செயற்கைக் கால்கள் மேற்கத்திய மாதிரியில் ஆனவை. ராணுவ வீரர்களுக்காக 1944-இல் புனேயில் தொடங்கப்பட்ட செயற்கை உறுப்பு மையம் வரை போய், காத்திருந்து வாங்கி வருவார்கள். வாங்கி வந்த காலைச் சில மாதங்களில் மூலையில் போட்டுவிட்டு, மறுபடியும் ஊன்றுகோலை எடுத்துக்கொள்வார்கள்.

நோயாளிகளுக்குப் பழக்கம் போதவில்லை என்று சொல்லிக் கடந்துபோவது மருத்துவருக்கு எளிது. சேத்தி அப்படிப் போகவில்லை. குறை காலில் இருக்கிறதா என்று பார்த்தார்.

1950-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாகி உலகெங்கும் பரவிய 'சாக்' பாதத்தின் கணுக்கால் அசையாது. உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ஆப்பு. வெளியே தெரியாதபடி மேலே ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் சாப்பிட்டு, சமமான தரையில் ஷூவோடு நடக்கும் ஒருவருக்கு அது நல்ல கால்தான். ராஜஸ்தான் விவசாயி தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்துதான் காலைக்கடனே கழிக்க முடியும். நீர் பாய்ச்சிய வயலில் வெறுங்காலோடு இறங்குகிறார். கோயில் வாசலிலும் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறார். ஷூவைக் கழற்றவே முடியாத காலை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவது?

அதே மருத்துவமனையில், போலியோவாலும் தொழுநோயாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் ராம்சந்திர சர்மா. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கைவினைஞர். எல்லோரும் மாஸ்டர்ஜி என்றுதான் அழைப்பார்கள். கையில் எதை எடுத்தாலும் உருக்கொடுத்துவிடும் திறன் அவருக்கு இருந்தது. சைக்கிள் டயரில் காற்றுப் போய் அவர் ஒரு டயர் கடையில் நின்றதும், அங்கே பழைய லாரி டயருக்கு ரப்பர் சூடேற்றி ஒட்டுவதைப் பார்த்து யோசனை பிறந்ததும் ஜெய்ப்பூரில் இன்றும் சொல்லப்படும் கதை. இந்த ரப்பரால் ஒரு பாதம் வார்த்தால் என்ன?

முதலில் முழு ரப்பரில் வார்த்தார்கள். பாதம் கனத்தது, வளையவும் மறுத்தது. பிறகு பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். பாதத்தின் முன்பகுதிக்கும் குதிகாலுக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலுக்கு லேசான மரம். மூன்றையும் சேர்த்துக் கட்டி, டயர் நூல் கலந்த ரப்பரால் சுற்றி, மேலே தோல் நிற ரப்பரைப் போர்த்தி, பாத அச்சில் வைத்துச் சூடேற்றினார்கள். விரல்களும் அந்த அச்சிலேயே உருவாகி வந்தன. சேத்தியோடு டாக்டர் எஸ்.சி. கஸ்லிவாலும் டாக்டர் மகேஷ் உதாவத்தும் சேர்ந்து சோதித்தார்கள். 1960-களின் இறுதியில் அந்தப் பாதம் நடக்கத் தொடங்கியது. சேற்றில் இறங்கியது, குந்தியது, மரமும் ஏறியது. நால்வர் பெயரும் தாங்கிய ஆய்வுக் கட்டுரை 1978-இல் செயற்கை உறுப்பியல் துறையின் பன்னாட்டு இதழில் வந்தது. கடைசிப் பெயர் நான்காம் வகுப்பு படித்த ராம்சந்திராவுடையது. காப்புரிமையை யாரும் கேட்கவில்லை. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதை மலிவு விலைக் கண்டுபிடிப்பு என்று மட்டும் புகழ்வது போதாது என்பது என் கருத்து. அதுவரை செயற்கை உறுப்பு என்றால், குறைந்த உடலை 'முழு உடல்' போலக் காட்டுவது. முழு உடல் எது என்பதை வேறு யாரோ, வேறு ஊரில் முடிவு செய்திருந்தார்கள். ஷூ போட்ட, நாற்காலியில் உட்காரும் ஆணின் உடல் அது. ஜெய்ப்பூரில் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. நீ எங்கே நடக்கிறாய், எப்படி உட்காருகிறாய், யாரோடு சாப்பிடுகிறாய்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இந்தக் கால்.

யாரும் பேசாத சமையலறை

பிறந்த சில ஆண்டுகளில் இந்தக் கால் வெகு சிலருக்கே எட்டியது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவும் அளவெடுக்கவும் மறுபடி வந்து பொருத்திப் பார்க்கவும் ஆகும் நாட்களை ஓர் ஏழைக் கூலியாளால் செலவிட முடியாது. கார் விபத்தில் கால் நசுங்கி, அதை இழக்கும் நிலை வரை போய் மீண்ட ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.ஆர். மேத்தா, 1975-இல் பகவான் மகாவீர் விகலாங்க் சகாயதா சமிதியைத் தொடங்கினார். வருகிறவர் எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது, காசு வாங்காமல் கால் பொருத்தி நடக்கவைத்து அனுப்புவது என்று முறையையே மாற்றினார்கள். காலை உடலோடு இணைக்கும் குழாயை முதலில் அலுமினியத் தகட்டில் செய்தார்கள். பின்பு விவசாயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் எச்.டி.பி.ஈ. பைப்பைச் சூடாக்கி அதிலேயே செய்தார்கள். அதன் பிறகுதான் எண்ணிக்கை ஆயிரங்களாகவும் லட்சங்களாகவும் உயர்ந்தது. 1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்தக் காலைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் உழவர் வருகிறார், ரிக்‌ஷாக்காரர் வருகிறார். சமையலறை வருவதில்லை. ஆனால் தரையோடு அதிகம் பழகிய உடல் நம் வீடுகளில் பெண்ணின் உடல்தான். அரிவாள்மணையின் முன்னால் ஒரு காலை மடக்கி உட்காருவது, அடுப்பு ஊதக் குனிவது, வாசலில் கோலமிடக் குந்துவது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரக் கிணற்றடியில் நடப்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுவது, குனிந்தபடியே நாற்று நடுவது. ஷூவோடு வந்த கால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவிடாது. வெறுங்காலாக நின்று குந்தி எழக்கூடிய கால் வந்தபோது, அதனால் மிகுந்த பலன் பெற்றிருக்க வேண்டியவர்கள் பெண்கள்.

பெறாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 54 லட்சம்; ஆண்கள் ஏறக்குறைய 34 லட்சம், பெண்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். சாலை விபத்திலும் ஆலை விபத்திலும் ஆண்கள் அதிகம் சிக்குவது உண்மை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் குறைபாட்டைக் கணக்கெடுக்க வருபவரிடம் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் இருப்பதும் உண்மை. கால் பொருத்தும் முகாமுக்குப் போக வேண்டுமென்றால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். இரவு தங்க வேண்டும். அளவெடுக்கச் சேலையைத் தொடை வரை விலக்க வேண்டும். அளவெடுப்பவர் பெரும்பாலும் ஆண். இதை எண்ணியே பல பெண்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

பொருத்திக்கொண்ட பிறகும் வழி சமமாக இல்லை. கருவுற்ற பெண்ணின் உடல் எடையும் நீரும் கூடும். எஞ்சிய காலின் சுற்றளவு மாறும். நேற்று வரை பொருந்திய குழாய் இன்று கடிக்கும். அந்த மாதங்களில் குழாயை மாற்றித் தர வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடும் மையங்கள் மிகக் குறைவு. ஆணுக்குக் கால் வாங்கும்போது வேலைக்குப் போக முடியுமா என்று வீடு கேட்கிறது. பெண்ணுக்கு வாங்கும்போது, சேலைக்குள் தெரியாமல் இருக்குமா என்று கேட்கிறது. மகனுக்கு அது பிழைப்புக்கான கருவி. மகளுக்கு அது கல்யாணம் வரை காக்க வேண்டிய ரகசியம். காலிழந்த ஆணுக்கு மனைவி பணிவிடை செய்வாள் என்று ஊர் எதிர்பார்க்கிறது. காலிழந்த மனைவியைக் கணவன் கவனித்துக்கொண்டால் அவனைத் தியாகி என்கிறது. ஜெய்ப்பூர் கால் சேற்றையும் மேட்டையும் தாண்டியது. இந்த மேட்டைத் தாண்ட இன்னும் முடியவில்லை.

மேடையேறிய கால்

1981 மே மாதம். மும்பையைச் சேர்ந்த சுதா சந்திரன் என்ற இளம் நாட்டியக்காரி திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தில் சிக்கினார். காயத்தில் அழுகல் ஏற்பட்டு, வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. அவருக்கு அப்போது 16 வயதுகூட நிறையவில்லை. பத்திரிகையொன்றில் சேத்தியைப் பற்றிப் படித்துவிட்டு ஜெய்ப்பூருக்குப் போனார்.

பரதநாட்டியத்தில் அங்கசுத்தம் என்பது அடிப்படை இலக்கணம். கையும் காலும் நிற்க வேண்டிய கோட்டில் நிற்க வேண்டும். அரைமண்டியில் இருந்தபடி தரையைத் தட்டி எழுப்பும் ஒலியில்தான் தாளம் பிறக்கிறது. வெறுங்காலோடு ஆடும் கலை அது. ஷூவுக்கு அங்கே இடமில்லை. சுதாவின் முழங்கால் மிஞ்சியிருந்ததால் அரைமண்டிக்கு வழியிருந்தது. ஆனால் ரப்பர் பாதம் தரையைத் தொட்டதை உடல் உணராது. கண்ணாலும் காதாலும் பழகிக்கொள்ள வேண்டும். எஞ்சிய கால் உராய்ந்து ரத்தம் கசிந்தது. ஆண்டுக்கணக்கான பயிற்சிக்குப் பின் 1984 ஜனவரியில் மும்பையில் மீண்டும் மேடையேறினார். சிங்கீதம் சீனிவாச ராவ் தெலுங்கில் எடுத்த 'மயூரி'யில் தன் கதையில் தானே நடித்து, தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்பு நடுவர் விருது பெற்றார். அது தமிழிலும் வந்தது. 1986-இல் இந்தியிலும் எடுக்கப்பட்டது. ஜெய்ப்பூர் கால் நாடெங்கும் வீட்டுப் பெயரானது ஒரு பெண் ஆடியதால்தான்.

சுதா சந்திரனின் உழைப்புக்கு என் மனமார்ந்த வணக்கம். ஆனால் அவர் கதையை நாம் சொல்லும் விதத்தில் ஓர் அநியாயம் உண்டு. "ஊனத்தை வென்றவர்" என்கிறோம். அப்படியானால் ஆடாத பெண்கள் தோற்றவர்களா? காலிழந்த பெண் மதிப்புப் பெற மேடையேற வேண்டும், மலையேற வேண்டும் என்ற நிபந்தனையை நாம் விதித்துவிட்டோம். சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, பேருந்தில் முட்டி மோதி, வேலை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்கும் அதே மதிப்பு உரியது.

மேடையில் கொண்டாடப்பட்ட காலுக்கு விமான நிலையத்தில் என்ன நேர்ந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர வேண்டியது. 2021 அக்டோபரில் சுதா சந்திரன் ஒரு காணொளி வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இது வலிக்கிறது என்று பிரதமரிடம் முறையிட்டார். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கை உறுப்பு அணிந்தவர்களை விமான நிலையத்தில் அதைக் கழற்றச் சொல்லக் கூடாது, அது மனித மாண்புக்கு எதிரானது என்றது. மூளை முடக்குவாதம் கொண்ட ஜீஜா கோஷ் என்ற பெண், 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கின் தொடர்ச்சி அது. ரப்பரும் பைப்பும் ஒருவர் உடலின் பகுதி ஆகிவிட்டன என்பதைச் சட்டம் ஏற்பதற்கு, கால் பிறந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. அதைப் பெற்றுத் தந்தவர்கள் பெண்கள்.

செம்மண்ணில்

ஜெய்ப்பூர் கால் போர் நடந்த நாடுகளுக்கெல்லாம் போனது. காரணம் கண்ணிவெடி. ஆப்கானிஸ்தானிலும் கம்போடியாவிலும் வெறுங்காலோடு வயலிலும் மேட்டிலும் நடக்கும் மக்கள் காலிழந்தபோது, அவர்களுக்கு ஏற்ற கால் ஏற்கெனவே பிறந்திருந்தது. கொழும்பில் 1985-இல் ஜெய்ப்பூர் கால் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987-இல் தொடங்கப்பட்டது. பெரிய தொழிற்சாலையும் இறக்குமதி இயந்திரமும் இல்லாமல் கைவினைஞர்களே செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய கால் என்பதால்தான், பாதைகள் அடைபட்டு, பொருட்களுக்குத் தடை இருந்த ஆண்டுகளிலும் அங்கே அந்த வேலை நடந்தது.

2009-இல் இலங்கையில் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் காலிழந்தோர் எத்தனையோ பேர். 2010 மார்ச்சில், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமில் ஜெய்ப்பூரிலிருந்து வந்த குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக் கால்களைப் பொருத்தியது. அந்த வரிசையில் நின்ற பெண்கள் பலவகை. ஷெல் அடியில் காலிழந்த தாய்மார், விறகு பொறுக்கப் போய் மிதிவெடியில் அகப்பட்டவர்கள், இயக்கத்தில் இருந்து போரிட்டவர்கள்.

கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். தலைமுடியைக் கத்தரித்து, காற்சட்டை போட்டு, ஆயுதம் தூக்கிய பெண்கள், ஊருக்குத் திரும்பியதும் பழைய இலக்கணத்துக்குள் பொருந்த வேண்டியிருந்தது. முடி வளர்க்க வேண்டும், சேலை கட்ட வேண்டும், கலியாணம் கட்ட வேண்டும். அதே உடல் ஒரு காலத்தில் வீரத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. இப்போது குறைபட்டதாகவும் சந்தேகத்துக்குரியதாகவும் பார்க்கப்பட்டது. இடையில் மாறியது அவள் உடலுக்கு ஊர் தந்த பொருள். போரில் காலிழந்த ஆணுக்கு வாழ்க்கைத் துணை கிடைத்த அளவுக்கு, காலிழந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கணவனை இழந்து, தனியே குடும்பம் சுமக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழும் மண் அது. அவர்களில் காலிழந்தவருக்கு அந்தக் கால்தான் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் வழி. அது தேய்ந்தால், உடைந்தால், மாற்றித் தர ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. புதைத்தவற்றை எடுத்துவிடலாம்; இழந்த கால் வளராது.

இனி நடக்க வேண்டியது

ஜெய்ப்பூர் கால் குறையில்லாதது அல்ல. கனம் அதிகம். கையால் செய்வதால் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. இஸ்ரோவின் துணையோடு பாலியூரித்தேனில் லேசான பாதம் வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் முழங்கால், 2009-இல் டைம் இதழின் சிறந்த கண்டுபிடிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. பொருள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வளர வேண்டியது நம் பார்வை.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 4-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிப் பெண்களும் குழந்தைகளும் மற்றவர்களுக்குச் சமமாக உரிமை பெற அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறையாக்குவது கடினமில்லை. கால் பொருத்தும் ஒவ்வொரு மையத்திலும் பெண் தொழில்நுட்பர் ஒருவராவது வேண்டும். அளவெடுக்கக் கதவுள்ள தனியறை வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் குழாயை மாற்றித் தர வேண்டும். முகாம் முடிந்து வண்டி ஏறிவிட்ட பின், பழுதுபார்க்க மாவட்டத்துக்கு ஓரிடமாவது நிலையாக வேண்டும். அன்று சேத்தியும் ராம்சந்திராவும் கேட்ட கேள்வியை இன்று பெண்களிடம் கேட்க வேண்டும்: நீங்கள் எங்கே நடக்கிறீர்கள், எப்படி உட்காருகிறீர்கள், எது கடிக்கிறது?

மீதி வேலை நம்முடையது. உங்கள் தெருவில் செயற்கைக் காலோடு நடக்கும் பெண் இருந்தால், அது எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். பாவம் என்று சொல்லாதீர்கள். சாதனைப் பெண் என்றும் சொல்ல வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். உங்கள் வீட்டில் காலிழந்த மகளோ மருமகளோ இருந்தால், கால் பொருத்திக்கொள்ள அழைத்துப் போங்கள். ஊர் பார்க்குமே என்று அவரை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.

உடல் குறைவதை எல்லா நேரமும் தடுக்க முடியாது. அதனால் ஒருத்தியின் வாழ்க்கை குறையாமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் கையில் இருக்கிறது.